வசந்தியின் வேகம்

"இண்டைக்கு முழங்கால் நோகவே இல்ல" என்றார் அல்பிரட்.

கார்க் கதவைச் சாத்தி, சீற் பெல்ட்டைக் கொளுவிக்கொண்டு, நாளைக்கு மழை வருமாம் என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். வெளியே மழை விட்டிருந்தது. மண்டபத்துத் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. இசைத்தாள்கள் வைத்த கறுப்புக் கோப்பு என் மடியில் கிடந்தது. அதன் மூலையை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடமாக என் கணவர் என் பியானோவுக்கு ஆடினார். ஆறு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் ஐஸ் வைத்தார். அன்றைக்கு முதன்முறையாக இசைக்கு வேகம் பிடித்தது வேறொருத்தி. வீடு வந்ததும் ஐஸ் எடுக்க அவர் குசினிப் பக்கமே போகவில்லை. நேரே போய் ரீவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன, கதைக்காமல் இருக்கிறீர்?"

"ஒண்டுமில்ல. தலையிடி."

தலையில் ஒரு இடியும் இல்லை. இருந்தது நெஞ்சுக்குள்.

மொய்ரா ஆள் பிடித்த விதம்

நான் கார் ஓட்டப் பழகிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அன்ரி, ஸ்கொட்லாந்து நடனத்துக்கு பியானோ வாசிக்கப் போகும் வழியில் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன விஷயம், நீங்கள் மன்னார்க்காரி அல்லவா?"

மன்னார்க்காரிதான். அந்த விஷயத்தை ஒரு வரியில் தாண்டிப் போனதற்குக் காரணம் உண்டு. கேட்டுவிட்டார், சொல்லிவிடுகிறேன்.

கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியமும் பிறகு ஓர்கனும் பழகினேன். சிட்னிக்கு வந்து, குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கி, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகும் ஞாயிறு ஒன்பது மணிப் பூசைக்கு ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பூசை முடிந்ததும் உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓர்கன் அருகே வந்து நின்றார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் கார்ச் சாவி. அவர்தான் மொய்ரா.

"கோயில்களில் ஓர்கன் வாசிக்கிற எல்லாரும் மெட்டை இழுப்பார்கள்" என்றார். "நீ இழுக்கவில்லை. புதன்கிழமை மாலையில் உனக்கு ஏதும் வேலை இருக்கிறதா?"

அவர் ஸ்கொட்லாந்து நாட்டு நடனம் பழக்கும் ஆசிரியை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பொது மண்டபத்தில் வகுப்பு. பியானோ வாசித்தவர் குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

ஸ்கொட்லாந்து நடனம் என்றால் பைப் ஊதுவார்கள், வாளைத் தரையில் போட்டுக் குதிப்பார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை. நான்கு சோடி ஒரு குழு. கைகோர்ப்பதும், ஒருவரை ஒருவர் சுற்றுவதும், இடம் மாறுவதுமாகப் பின்னிப் பின்னி ஆடுவார்கள். தொடக்கத்தில் பியானோவில் ஒரு கோர்ட், சில சுரங்களை ஒன்றாக அழுத்துவது. எல்லாரும் குனிந்து வணங்குவார்கள். பிறகு ஒரே மெட்டை எட்டுத் தடவை வாசிக்க வேண்டும். முடிவில் இன்னொரு கோர்ட், இன்னொரு வணக்கம்.

அல்பிரட் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காருக்குள் இருந்து தமிழ் வானொலி கேட்பார். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர், மாலையில் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அவருக்கு ஓய்வு. வகுப்பிலோ ஆண்களுக்குப் பெரும் பஞ்சம். மூன்றாவது கிழமை மொய்ரா போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"உங்களுக்கு இரண்டு கால் இருக்கிறதல்லவா?"

அதோடு வானொலி நின்றது. அடுத்த வருடமே பழைய உடுப்புக் கடையில் ஒரு கில்ட் வாங்கினார், அந்தக் கட்டம் போட்ட ஆண்கள் பாவாடை. தமிழ்ச் சனம் கண்டுவிடும் என்று கராஜுக்குள் வைத்தே காரில் ஏறுவார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெடியன் கண்டுவிட்டு, "அங்கிள், அன்ரியின்ர ஸ்கேர்ட்டைப் போட்டிருக்கிறியளோ?" என்று கேட்டான். அதற்குப் பிறகு வீதியில் இறங்கியே ஏறினார். இனி என்ன, தெரிந்துவிட்டதுதானே என்றார்.

என் இரக்கம்

மெட்டுகளில் மூன்று சாதி உண்டு. ரீலும் ஜிக்கும் விரைவானவை. ஸ்ட்ராத்ஸ்பே என்பது மெதுவானது, வழுக்கிக்கொண்டு போவதுபோல ஆடுவார்கள். எதை எந்த வேகத்தில் வாசிப்பது என்று மொய்ரா ஒரு தாளில் எண்கள் எழுதித் தந்திருந்தார். கைத்தொலைபேசியில் தாளம் தட்டும் கருவி ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். வாசிக்கத் தொடங்குமுன் அதைக் காதில் வைத்து வேகத்தைப் பிடித்துக்கொள்வேன்.

தாளில் இருந்த எண்ணை நான் அப்படியே எடுத்ததில்லை. எப்போதும் கொஞ்சம் குறைப்பேன். கொலினைப் பார்த்தால் குறைக்காமல் இருக்க முடியாது. முன்பு பஸ் ஓட்டியவர், எண்பதை எட்டப்போகிறவர், மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர். ஒரு வகுப்பைத் தவறவிடமாட்டார். ஜிக் முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவார். பாவம் மனிதர் என்று அடுத்த கிழமை இன்னும் ஒரு எண் குறைப்பேன். அவர் இன்னும் கூடுதலாக மூச்சு வாங்குவார். வயதாகிக்கொண்டு போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

வயதானவர்களுக்கு மெதுவாக வாசிப்பது இரக்கம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

தரையைத் தொட்டுப் பார்த்தவள்

வசந்தி மெல்பேர்னிலிருந்து வந்தாள். மல்கிரேவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். சிட்னிக் கிளைக்கு மாற்றலாகி ஹோம்புஷில் ஒரு பிளாட் எடுத்திருந்தாள். திருச்சிக்காரி, நாற்பது வயதிருக்கும். சிறுவயதில் கர்நாடக வயலின் பழகி, மெல்பேர்னில் யாரோ அழைக்க, ஸ்கொட்லாந்து நடனங்களுக்கு வாசிக்கத் தொடங்கியவள். மொய்ராவுக்கு மெல்பேர்ன் ஆட்கள் தகவல் சொல்லியிருந்தார்கள்.

முதல்நாள் வந்தவள் வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எல்லாருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் இடைவேளையில் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தட்டினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்தப் பலகைக்கு அடியில கான்க்ரீட்டா?"

"ஓம். ஏன்?"

"நீங்க இன்னும் கொஞ்சம் வேகமா வாசிக்கலாமே?"

"எல்லாரும் வயசானவையள்."

"ஆமா, அதனாலதான் சொல்றேன். மெதுவா வாசிச்சா அவங்க காத்துல ரொம்ப நேரம் தொங்கணும். அப்புறம் மொத்த எடையோட இறங்கணும். தரை வேற கல்லு மாதிரி இருக்கு. கால் தாங்காது."

கையில் பிஸ்கற்றோடு நின்றேன். அவள் சொல்லி முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கொலின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அல்பிரட்டின் ஐஸ், எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. அவள் ஒரு மணி நேரத்தில் கண்டதை நான் ஆறு வருடமாகக் காணவில்லை.

"அப்பிடியோ" என்றேன். பிஸ்கற்றைத் தேநீருக்குள் தோய்த்து, அது உடைந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன் அவள் முன்னால் நின்று வாசித்தாள், நான் பின்னால் பியானோவில் கூடப் போனேன். வயலின் வந்துவிட்டால் மெட்டு அதனுடையது. பியானோவின் வலது கைக்குக் கோர்ட், இடது கைக்கு அடிச்சுரம். எனக்கு எஞ்சியது அதுதான். அவள் எந்தக் கருவியையும் காதில் வைக்கவில்லை. வரிசையில் நிற்பவர்களை ஒருமுறை பார்ப்பாள். மூக்கால் மூச்சை இழுப்பாள். வில் இறங்கும்.

இருபது பேருடைய கால்கள் ஒரே சத்தமாக விழுந்தன. என் வகுப்பில் அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் வேகத்தில் அது எப்போதும் ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கவிழ்த்ததுபோலத்தான் கேட்கும்.

அன்றைக்குத்தான் அல்பிரட் காரில் அந்த வசனத்தைச் சொன்னார்.

பிலோமினாவின் கூகைக்கட்டு

பொறாமை எனக்குப் புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு ஓர்கன் வாசிக்க என்னை விட்டுவிட்டு பிலோமினா என்ற பிள்ளையைத் தெரிந்தெடுத்தார்கள். அவளுக்கு ஏதாவது வருத்தம் வரவேண்டும் என்று ஒன்பது நாள் செபமாலை சொன்னேன். அவளுக்குக் கூகைக்கட்டு வந்தது. இரண்டு பக்கமும் கன்னம் பலாக்காய்போல வீங்கிவிட்டது. நான் வாசித்தேன். மிக நன்றாக வாசித்தேன்.

பிறகு பயந்துபோய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கூகைக்கட்டு வந்தது உன்னாலையோ?" என்று சுவாமியார் கேட்டார்.

"ஓம் சுவாமி."

திரைக்கு அப்பால் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. என் பாவத்தை அந்த மனிதர் நம்பவே இல்லை.

ஹோம்புஷிலிருந்து வரும் ரயில்

வசந்தியிடம் கார் இல்லை. ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து வயலினைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள்.

"பாவம், அந்தப் பிள்ளை உந்தத் தூரம் நடந்து வருகுது. போற வழியில ஏத்திக்கொண்டு போவம்" என்றார் அல்பிரட்.

அதன்பின் ஒவ்வொரு புதனும் அவள் எங்கள் காரின் பின்சீற்றில் இருந்தாள். அல்பிரட் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்பார். ரீலுக்கும் ஜிக்குக்கும் எண்ணிக்கை எப்படி மாறுகிறது, கால் எப்போது எழும்ப வேண்டும், ஏன் ஸ்ட்ராத்ஸ்பேயை ரொம்ப மெதுவாக எடுத்தால் ஆள் தள்ளாடுகிறது. ஆறு வருடத்தில் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் முன்சீற்றில் இருந்து சிவப்பு விளக்குகளை எண்ணினேன்.

தவறாக விளங்கிவிட வேண்டாம். அவருக்கு அவள் தங்கைமாதிரி, அதில் எனக்கு ஐயமே இல்லை. அவர் அவளைப் பார்த்து மயங்கியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. அவர் மயங்கியது அவள் வேகத்தில். அது என் இடம்.

கொலினும் சுவரைப் பிடிப்பதை விட்டுவிட்டார். தேநீர் நேரத்தில், "இந்தப் பெண் என் காலுக்குப் பத்து வயதைக் குறைத்துவிட்டாள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "உன் பியானோவும் நன்றாக இருந்தது, ரெஜினா" என்று சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம்.

கோடை இன்னும் முடியாத ஒரு சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் வகுப்பின் வருடாந்த ஆட்டம் வந்தது. மற்ற வகுப்புகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு வேகம் பிடித்தது நான்தான். அந்த வருடம் மொய்ரா என் தோளில் கையை வைத்து, "வசந்தி முன்னால் நிற்கட்டும், உனக்கும் சுகம்தானே" என்றார்.

"ஓம், சுகம்தான்" என்றேன்.

அந்த ரீல்

மண்டபத்தில் இரண்டு காற்றாடி. சன்னல் எல்லாம் திறந்திருந்தும் காற்றில்லை. பெண்கள் வெள்ளை உடுப்பு, ஆண்கள் அந்த வெக்கையிலும் கம்பளிக் கில்ட். பியானோக் கட்டைகள் என் விரலுக்கு வழுக்கின.

தேநீருக்குப் பிறகு மூன்றாவது ஆட்டம் ஒரு ரீல். நான் கோர்ட் போட்டேன். எல்லாரும் வணங்கினார்கள். வசந்தி மூச்சை இழுத்தாள்.

பியானோ வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆடுபவர்களின் காது வயலினில் இருக்கும், கால் பியானோவின் அடிச்சுரத்தில் இருக்கும். வில் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் இடது கை விழுந்துகொண்டே இருந்தால் போதும். வயலின் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்ததும் இன்னொரு மயிரிழை. கேட்பவர்களுக்கு வயலின்தான் ஓடுகிறது என்று தோன்றும், ஏனென்றால் முன்னால் நிற்பது அவள்.

அதைத்தான் செய்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

இரண்டாவது தடவையில் அவள் முதுகு இறுகியதைக் கண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதில் யாரோ சிரித்துக்கொண்டே "ஓ" என்று கத்தினார்கள். நான்காவதில் சிரிப்பு நின்றது. அல்பிரட்டின் முகம் சிவந்து கறுத்திருந்தது. இந்த வெக்கையில் இவளுடைய வேகத்தைப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்லப்போகிறார்கள், அடுத்த வருடம் மொய்ராவின் கை வேறு மாதிரி என் தோளில் விழும் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

ஐந்தாவது தடவையில் கொலின் விழுந்தார்.

குறுக்கே கடக்கும்போது கால் சிக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி தரையில் வழுக்கிக்கொண்டு பியானோவின் காலடிக்கு வந்து நின்றது. வயலின் நின்றது. என் கை அதற்குப் பிறகும் இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் நின்றது.

அவரைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். ஒருவர் அம்புலன்ஸுக்கு அழைத்தார். கொலினின் மணிக்கட்டு பார்க்கக்கூடாத ஒரு திசையில் திரும்பியிருந்தது. அவர் முனகவில்லை. உதடு வெளுத்துப்போய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கொலினின் பக்கத்தில் குந்தியிருந்த மொய்ரா எழுந்து வசந்தியிடம் வந்தார். "மிகவும் வேகம், வசந்தி. அவர்களைப் பார்த்து வாசி என்று சொன்னேனே."

வசந்தி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு மொய்ராவிடம் திரும்பினாள்.

"ஸொறி, மொய்ரா."

நான் பியானோக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலினை விழுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வசந்தியை விழுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எல்லாம் திரும்பக் கிடைத்தது

 வீட்டுக்குப் போகும் வழியில், எங்கள் வீதிக்குள் திரும்பிய பிறகுதான் அல்பிரட் வாயைத் திறந்தார்.

"அது வயலின் இல்ல."

"என்ன வயலின் இல்ல?"

"ஓடினது. அது உம்மட இடக்கை."

"நீங்கள் என்ன, பெரிய சங்கீதம் தெரிஞ்ச ஆள்மாதிரி."

"சங்கீதம் எனக்குத் தெரியாது, ரெஜி. உம்மட இடக்கையைத் தெரியும். ஆறு வருசமா அதிலதானே கால் வைச்சு ஆடினனான்."

காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். கராஜுக்குள் நான் தனியே இருந்தேன்.

வசந்தி இனி வரமாட்டேன் என்று மொய்ராவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். அடுத்த புதன் நான் தனியே வாசித்தேன். "நீ உன் இடத்துக்குத் திரும்பியது நல்லது" என்று மொய்ரா சொன்னார். மெட்டு மறுபடி என் வலது கைக்கு வந்தது. வேகமும் என்னுடையது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

அல்பிரட் என்னைக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. காருக்குள் இருந்து வானொலி கேட்டார்.

பத்து நாள் அப்படியே கழிந்தது. இரண்டாவது சனிக்கிழமை காலை நான் ஹோம்புஷுக்கு ரயில் ஏறினேன்.

மூன்றாம் மாடி

கீழே தோசைக் கடை, மேலே பிளாட்டுகள். மாடிப்படி முழுக்க எண்ணெய் காயும் மணம். வசந்தி கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டாள். வயலின் பெட்டி மூடியபடி அலுமாரிக்கு மேலே இருந்தது.

உட்காருமுன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"நான்தான் வேகத்தைத் தள்ளினனான்."

"தெரியும்க்கா. ரெண்டாவது தடவையே தெரிஞ்சுது."

"பிறகேன் நிப்பாட்டேல்ல?"

 தாவணிபோல் மடித்துக் கதிரையில் போட்டிருந்த ஒரு சால்வையை எடுத்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

"நிறுத்தினா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. எவ்வளவு தூரம்தான் போவீங்க, பாத்துடலாம்னு நானும் கூடவே ஓடினேன். நான் வில்லை நிறுத்தியிருந்தா அவர் விழுந்திருக்க மாட்டார். அதை நெனச்சாத்தான் எனக்கு வயலினைத் தொட முடியல."

"பிழை என்ர."

"உங்க பிழையை எங்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது? கை ஒடிஞ்சது எனக்கா? கொலின்கிட்ட சொல்லுங்க. மொய்ராகிட்ட சொல்லுங்க."

காப்பி தந்தாள். பரவாயில்லை என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. நான் கிளம்பி வாசலில் செருப்பைப் போடும்போது கேட்டாள்:

"ஒண்ணு கேக்கலாமா? நீங்க ஒருநாளாவது ஆடிப் பாத்திருக்கீங்களா?"

"நானோ? இல்ல. நான் வாசிக்கிறவள்."

"அதான்" என்றாள்.

அந்த "அதான்" ஹோம்புஷிலிருந்து குவேக்கர்ஸ் ஹில் வரை ரயிலில் என் பக்கத்தில் இருந்து வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவள், திரும்பும்போது அவள்மேல் முன்னைவிடக் கூடுதலாக எரிந்துகொண்டு வந்தேன்.

பொத்தான்

அடுத்த நாள் கொலின் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, அவருடைய சட்டை முன்பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. மேலே ஒரு கார்டிகனை இழுத்து மூடியிருந்தார். வலது கை முழங்கை வரை கட்டு.

நான் சொன்னேன். சொல்வதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் நின்றபடியே கேட்டார்.

"வேண்டுமென்றா?"

"ஓம். வேண்டுமென்று."

அவர் கார்டிகனை விலக்கிக் காட்டினார். "பொத்தான் போட ஒரு கை போதாது. உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரிந்திருக்கவில்லை. காலையில் அரை மணி நேரம் முயன்றுவிட்டு விட்டுவிடுவேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"வந்து சொன்னது நல்லது" என்றார். "ஆனால் பரவாயில்லை என்று நான் சொல்லப்போவதில்லை, ரெஜினா. இப்போது முடியாது."

அன்று பின்னேரமே மொய்ராவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "வசந்தியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார். "நீ கொஞ்சக் காலம் வராமல் இரு. நாங்கள் பதிவு செய்த இசையைப் போட்டுக்கொள்கிறோம்."

அல்பிரட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரவு வேலைக்குக் கிளம்பினார். மறுநாள் காலை வேலை முடிந்து வழக்கத்தைவிட அரை மணி நேரம் பிந்தி வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"கொலினுக்குப் பொத்தான் போட்டு விட்டனான். ஒரு பாணும் குடுத்தனான்."

கட்டு அவிழ்க்கும்வரை ஒவ்வொரு காலையும் போனார். நான் போகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "வேண்டாம், அந்தாள் வெக்கப்படும்" என்றார்.

ஒரு பெண் குறைகிறது

மொய்ரா மன்னிப்புக் கேட்ட பிறகும் வசந்தி எங்கள் வகுப்புக்குத் திரும்பவில்லை. நகரத்துக்குக் கிட்டவாக, ஞாயிறு பிற்பகலில் கூடும் இன்னொரு குழுவுக்கு வாசிக்கத் தொடங்கினாள். அல்பிரட் கொலினையும் ஏற்றிக்கொண்டு அங்கே போகத் தொடங்கினார். ஒரு ஞாயிறு கில்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றார்.

"நீரும் வாருமன்."

"நான் வந்து என்ன செய்யிறது? அங்க பியானோவும் இல்ல."

"சும்மா வாரும்."

சுவரோரம் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஆடுபவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பியானோவில் இருந்தால் கண் பாதி நேரம் இசைத்தாளில்தான் இருக்கும். வசந்தி என்னைக் கண்டு தலையை மட்டும் அசைத்தாள். அவள் வில் இறங்க, அத்தனை கால்களும் ஒன்றாக விழ, அந்தப் பழைய பொறாமை மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

இரண்டு ஆட்டம் முடிந்து, அடுத்த ஜிக்குக்குக் குழுக்கள் கூடின. கொலின் என் முன்னால் வந்து இடது கையை நீட்டினார். வலது மணிக்கட்டில் இன்னும் பட்டி சுற்றியிருந்தது.

"ஒரு பெண் குறைகிறது" என்றார்.

"எனக்கு ஆடத் தெரியாது, கொலின்."

"தெரியும் என்று நான் சொல்லவில்லையே. ஒரு பெண் குறைகிறது என்றுதான் சொன்னேன்."

கை நீட்டியபடியே இருந்தது. நான் எழுந்தேன்.

வணங்கினோம். வசந்தி மூச்சை இழுத்தது வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. அதன்பின் நடந்தது ஒரு குழப்பம். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பினேன். முன்பின் தெரியாதவர்கள் என் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒருமுறை அல்பிரட்டின் எதிரே போய் நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கையால் வழி காட்டினார். எங்கே கால் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போது வைப்பது என்பது மட்டும் முதல் அடியிலிருந்தே தெரிந்தது. கால் எழும்பியது. மேலே ஒரு கணம் நின்றது. இறங்க வேண்டிய நேரத்தில் தரை வந்து சேர்ந்தது. எட்டுத் தடவையும் வந்து சேர்ந்தது.

வயலினில் முடிவுக் கோர்ட் விழுந்தது. கொலினுக்கு எதிரே குனிந்து வணங்கினேன். நிமிர்ந்தபோது கவனித்தேன். ஐம்பத்தெட்டு வயது, வாழ்க்கையில் ஆடாதவள், எனக்கு மூச்சு வாங்கவில்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொலின் என் கையை விட்டுவிட்டு இன்னொரு சோடியைத் தேடிப் போனார். நான் மேடைப் பக்கம் நடந்தேன். வசந்தி அடுத்த ஆட்டத்துக்காகச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். கொலினிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதுகூட என் நாக்கு இவ்வளவு கனத்ததில்லை.

"வேகம் சரி" என்றேன்.

அவள் வயலினின் பிரடையைச் சற்றே திருகி, தந்தியை விரலால் மீட்டிக் கேட்டாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்க்கா."

அந்த வயலினை அப்படியே பறிக்கவேண்டும்போல இருந்தது. திரும்பிப் போய் வரிசையில் நின்றேன்.